தூக்குவாளியைக் கழுவி வைத்தது யார்?

எங்கம்மா காணாமப் போயி 25 வருசம் தாண்டிடுச்சு. 2000-ம் வருசம், பங்குனி மாசம். எனக்கு 11 வயசு. தம்பிக்கு 4.

விழுப்புரம் மாவட்டத்துல பங்குனின்னா மல்லாட்டை அறுவடை. அன்னிக்குக் காலையில காலனியிலேர்ந்து பத்துப் பொம்பளைங்க, ஊர்க்காரர் ஒருத்தரோட கொல்லைக்கு மல்லாட்டை ஆயப் போனாங்க. பொழுது சாய ஒம்போது பேர் திரும்பி வந்தாங்க. அம்மா வரல. "பழைய கூலி பாக்கி இருக்குது, வாங்கிக்கினு வரேன், நீங்க நடங்கன்னு சொன்னா" என்றார்கள். எத்தினி நாள் பாக்கி, எவ்வளவு பாக்கி, யாரைப் பார்க்கப் போனா? யாரும் கேக்கல. ராத்திரி முழுக்க அப்பாவும் பெரியப்பாவும் டார்ச் லைட்டோட கொல்லைமேடெல்லாம் அலைஞ்சாங்க. விடிஞ்சு பார்த்தா எங்க வீட்டுத் திண்ணையில அம்மாவோட தூக்குவாளி இருந்துச்சு. கழுவிக் கவுத்து வச்சிருந்துச்சு.

அதை யார் கொண்டாந்து வச்சது? அம்மாவே வந்து வச்சுட்டுப் போனாளா? வந்தவ எங்களை எழுப்பாம ஏன் போனா? வேற யாராச்சும்னா, எதுக்குக் கழுவணும்? இந்தக் கேள்விய நான் முதல்முதலா வாய்விட்டுக் கேட்டப்போ எனக்கு 20 வயசுக்கு மேல. அதுவரைக்கும் எங்க வீட்டுல அந்தத் தூக்குவாளியிலதான் தம்பிக்கு ரேசன் மண்ணெண்ணெய் வாங்கக் குடுத்து அனுப்புவாங்க.

மூணாம் நாள் போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிருக்கிறார்கள். ரைட்டர் கேட்டது ஒரே கேள்விதான். "எவன்கூடப் போனா?" கேள்விக்குள்ளேயே பதிலும் இருந்ததால வேற எதையும் கேக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மனுவை வாங்கி வச்சுக்கினாங்க. ரசீது தரல. ரசீதுன்னு ஒண்ணு உண்டுங்கறதே அப்பாவுக்குத் தெரியாது. ஒரு சேரிப் பொம்பளை காணோம்னா ஊரும் சர்க்காரும் தேடிப் பார்க்கறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தைய எடுத்து வச்சிருக்கிறார்கள்: ஓடிப்போயிட்டா. கொஞ்ச நாள்ல காலனிக்குள்ளயும் அதே வார்த்தை வந்துடுச்சு. பள்ளிக்கூடத்துல நான் ஓடுகாலி மவ. வயசுக்கு வந்ததுக்கப்புறம் நான் சைக்கிள்ல அரை மணி நேரம் தாமதமா வந்தாலும் அப்பா தெருமுனையில நிப்பார்.

பிறகு எம்.ஏ. தமிழ் படிக்கப் போனேன். வகுப்பில் உடன்போக்கு நடத்தினார்கள். தலைவி தலைவனோடு போனால் அது ஒழுக்கம். அதற்குப் பெயர் உண்டு, துறை உண்டு, உரை உண்டு. என் தாய்க்கு மட்டும் ஓடுகாலி. கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில் செவிலித்தாய் மகளைத் தேடிப் பாலை வழியில் போகிறாள். எதிரே வரும் அந்தணர்களை நிறுத்திக் கேட்கிறாள். அவர்கள் நின்று, பார்த்தோம் என்று சொல்லி, ஆறுதலும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கப்பாவ எந்தத் தெருவுல நிக்க வச்சு யார் பதில் சொன்னாங்க? மகள் தாயைத் தேடிப் போவதற்கு ஏதாவது துறை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சு இல்லை.

அப்பா அந்தக் கொல்லைக்காரர் வீட்டுல போய்க் கேட்டாரா? ஒருதரம் கேட்டேன்னார். இன்னொரு தரம், "கேட்டு? மறுநாளு உங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"ன்னார். அதே ஆள்கிட்ட அப்பா கடன் வாங்கியிருந்தார். எங்களுக்கு அரைக் காணிகூட நிலம் கிடையாது. அவர் வாய் எப்படி மூடினதுன்னு எனக்குப் புரியுது. ஆனா இதையும் எழுதியாவணும். அப்பா குடிச்சுட்டு அம்மாவை அடிப்பார். காணாமப் போறதுக்கு முந்தின வாரம்கூட அடிச்சார், நான் பார்த்தேன். மேடையில ஏறி ஊர்க்காரனைக் கேக்கறவ வீட்டுக்காரரையும் கேக்கணும் இல்லையா? அம்மா தானாத்தான் போயிருப்பா, எங்கியோ திருப்பூர்லயோ பெங்களூர்லயோ அடிவாங்காம இருக்கான்னு நெனைச்சு நிம்மதியாத் தூங்கின ராத்திரியும் எனக்கு உண்டு. அப்புறம் முழிப்பு வந்துடும். அப்ப நாங்க?

பொங்கலுக்கு முன்னோருக்குப் படைக்கும்போது, செத்த பொம்பளைங்களுக்குப் புதுச்சேலை வைப்போம். நாலஞ்சு வருசம் கழிச்சு அம்மாவுக்கும் ஒண்ணு வைக்கலாம்னு பெரியம்மா சொன்னப்போ ஆயா கத்துச்சு. "உசுரோட இருக்கறவளுக்கா படைப்ப?" ஆயா சாகிறவரைக்கும் வைக்கல. அப்புறமும் வைக்கல. அப்பா 2019-ல செத்தப்போ அவருக்கு வேட்டி வச்சோம். பக்கத்துல இடம் விட்டிருந்துச்சு.

இப்ப பட்டாவால பிரச்சினை. ஆதிதிராவிடர் நலத்துறை குடுத்த மனைப் பட்டா, பொம்பளை பேருக்குத்தான் தருவாங்க, அம்மா பேர்ல இருக்குது. தம்பிக்குத் தொகுப்பு வீடு கட்டணும்னா பேர் மாத்தணும். தாலுகா ஆபீசுல இறப்புச் சான்று கேக்கறாங்க. காணாமப் போயிட்டாங்கன்னு சொன்னா, அன்னிக்குக் குடுத்த புகாரோட நகலக் கேக்கறாங்க. எழுதாம விட்டதும் சர்க்கார்தான், எழுதின காகிதம் எங்கேன்னு கேக்கறதும் சர்க்கார்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல கொண்டுவந்த திருத்தம், புகாரைப் பதிவு செய்யணும், படிச்சுக் காட்டணும், நகல் தரணும்னு சொல்லுது. நானே எத்தனையோ பேருக்கு அதைக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனா எங்கம்மாவுக்கு நடந்தது வன்கொடுமையா இல்லையான்னு தெரியறதுக்கே யாராவது ஒருத்தர் விசாரிச்சிருக்கணுமே.

வழி ஒண்ணு இருக்குது. ஏழு வருசம் தகவல் இல்லாதவர் செத்ததாக் கோர்ட்டு எடுத்துக்கலாம். 1872-ம் வருசத்துச் சாட்சியச் சட்டத்துல அது 108-வது பிரிவு. 2024 ஜூலைலேர்ந்து வந்திருக்கிற புதுச் சட்டத்துல 111. வக்கீல் ஆபீசுக்கு நானும் தம்பியும் போனோம். குமாஸ்தா மனு எழுத உக்காந்து, கடைசியா எப்பப் பார்த்தீங்க, என்ன சேலை கட்டியிருந்தாங்க, அடையாளம் என்னன்னு ஒவ்வொண்ணாக் கேட்டார். ரைட்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை 25 வருசம் கழிச்சு ஒரு குமாஸ்தா கேக்கறார், அதுவும் செத்துட்டான்னு எழுதறதுக்கு. பச்சைச் சேலைன்னு நான் சொன்னேன். ஊதான்னு தம்பி சொன்னான். உனக்கு அப்ப நாலு வயசுடான்னேன். "எனக்கு அது ஒண்ணுதான்க்கா ஞாபகம் இருக்குது" என்றான்.

தம்பி கையெழுத்துப் போட்டுட்டான். நான் போடல. கோவிச்சுக்கினு இருக்கான், வீடு நிக்குதேன்னு. அன்னிக்கு அம்மாகூட மல்லாட்டை ஆயப் போன ஒம்போது பேர்ல மூணு பேர் இன்னும் காலனியில இருக்காங்க. ஒரு சின்னம்மாவுக்குக் கண்ணு தெரியல, காது நல்லாக் கேக்குது. இத்தினி வருசம் அவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து சோறு தின்னிருக்கேன், தூக்குவாளியப் பத்தி ஒருநாளும் கேட்டதில்ல. இந்த ஞாயித்துக்கிழமை போறேன்.