அரைப்பேர்

அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, கித்துல்கலையைக் கடந்து கினிகத்தேனையை அணுகும்போதே ஏறத் தொடங்கிவிடுகின்றது. வட்டவளை, அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று வளைந்து வளைந்து மேலேறி, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரை அது அடைகின்றது. பிரான்சு தேசத்து அல்ப்ஸ் மலைகளில் அல்ப் டுயெஸ் என்றொரு மலையூர் உண்டு. அதன் உயரமும் ஏறத்தாழ இதுவே. அங்கு ஏறிச் செல்லும் 13 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதையில் 21 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் இலக்கம் இருக்கின்றது. அந்த மலையேற்றத்தில் வென்ற சைக்கிளோட்டிகளின் பெயர்களும் பலகைகளிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நமது பாதையின் வளைவுகளுக்குத் தோட்டத்தின் பெயரன்றி வேறு பெயர் கிடையாது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் திகதி, பெண்களுக்கான பிரான்சுச் சுற்றுப் போட்டியின் இறுதிக் கட்டம் அந்த அல்ப் டுயெஸ் உச்சியில் முடிவுற்றது. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் தொடங்கி, ஒரு வார காலத்தில் எட்டுக் கட்டங்களாக நடந்த போட்டி அது. இத்தகைய போட்டிகளில் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த நேரத்தைக் கூட்டி, மொத்தம் குறைவாக உள்ளவரையே வெற்றியாளராகக் கொள்வர். அன்று மலையுச்சியை முதலில் அடைந்தவர் நெதர்லாந்துப் பெண் டெமி வொலெரிங். எனினும் முந்திய கட்டமொன்றில் கீழே விழுந்து இழந்த நேரத்தை அவரால் முழுவதும் மீட்க முடியவில்லை. போலந்து நாட்டைச் சேர்ந்த காசியா நியவியாடோமா மொத்தத்தில் 4 விநாடிகள் முந்தியவராகப் பட்டத்தை வென்றார். எட்டுக் கட்ட ஓட்டத்தின் முடிவில் நான்கே விநாடிகள்! ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் எறிவதற்கு ஆகும் நேரம்.

இப்போட்டியைக் கைத்தொலைபேசியில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தாயாரும் அருகிலிருந்தார். பதினாறாம் வயதில் மலைக்குப் போகத் தொடங்கி, ஓய்வுபெறும்வரை கொழுந்து கொய்தவர் அவர். இப்போது முழங்கால் வலியினால் லயத்துப் படிகளில் இறங்குவதற்கே ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார். நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

“ஏம்மா, இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பேரு போடுவாங்க?”

பரிசுத் தொகையைச் சொன்னேன். அவர் கேட்டது அதுவன்று.

“ரொம்பப் பிந்தி வாற பிள்ளைகளுக்கு?”

“குறிச்ச நேரத்துக்குள்ள வராட்டி, கணக்குல இருந்து எடுத்துருவாங்க அம்மா. மறுநாள் ஓட முடியாது.”

“அப்ப அரைப்பேருகூட இல்லியா?” என்றார்.

தோட்டப் பழக்கம் அறியாத வாசகர்க்கு இதனை விளக்குதல் தகும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் உழைப்புக்குச் செக்குரோலில் விழும் பதிவு. இத்தனை கிலோ கொழுந்து என்று நிர்ணயித்த அளவு நிறுவையில் நிறைந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரை நாட் கூலி. மழை பெய்ததா, மலையில் கொழுந்து இருந்ததா, அட்டை கடித்ததா என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது. ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழித்தது போக எஞ்சுவதே கணக்கு. ஒரு மனிதப் பிறவியின் பெயரையே பாதியாக நறுக்கும் இச்சொல்லை எங்கள் பெண்கள் நாள்தோறும் சாதாரணமாகச் சொல்லிச் செல்கின்றனர். பெண்களின் சைக்கிள் போட்டி வரலாற்றை நோக்குமிடத்து, என் தாயாரின் கேள்வி எத்துணைப் பொருத்தமானது என்று வியக்கத் தோன்றுகின்றது. அவ்வரலாறே ஓர் அரைப்பேரின் வரலாறுதான்.

1924ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றுப் போட்டியில் அல்போன்சினா ஸ்ட்ராடா என்ற பெண் ஆண்களோடு ஓடினாள். ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்கு அவ்வாண்டு இடம் கிடைத்ததன் காரணம் சுவையானது. பங்குபற்றுவதற்கான பணம் பற்றிய தகராறில் பெயர்பெற்ற ஓட்டக்காரர் பலர் அவ்வாண்டு வர மறுத்துவிட்டனர். போட்டியை நடத்தியவர்களுக்குப் பரபரப்பூட்டும் செய்தி ஒன்று தேவைப்பட்டது. வேலைநிறுத்தம் நடக்கும் இடத்தில் பெண்ணுக்குக் கதவு திறக்கும் முதலாளித்துவ தந்திரம் நமக்குப் புதிதன்று. ஆயினும் திறந்த கதவினுள் நுழைந்தவளின் துணிவை அது குறைத்துவிடாது. மொத்தம் 3,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம். புயலும் மழையும் அடித்த ஒரு கட்டத்தில் அவளது வண்டியின் கைபிடி முறிந்தது. துடைப்பக் கட்டையொன்றை வைத்துக் கட்டிக்கொண்டு ஓடினாள். குறித்த நேரத்துக்குள் வந்து சேரவில்லை. தொடர்ந்து ஓடலாம், ஆனால் கணக்கிற் சேராது என்றனர். அவள் ஓடினாள். புறப்பட்ட 90 பேரில் 30 ஆண்களே மிலான் நகருக்கு மீண்டனர். அவர்களோடு அவளும் வந்து சேர்ந்தாள். அவளுக்கு முழுப்பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை. அடுத்த ஆண்டு இடமும் இல்லை.

பெண்கள் சைக்கிளேறக் கூடாதென்பதற்கு மேனாட்டு மருத்துவர் சிலர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூறிய காரணங்களைப் படித்தால் இன்று சிரிப்பு வரும். கருப்பை கெடும் என்றனர். முகம் கோணும் என்று சொல்லி, ‘சைக்கிள் முகம்’ என்றொரு நோய்க்குப் பெயரும் சூட்டினர். பெண்ணுடல் மென்மையானது, மேடேறும் சிரமத்தைத் தாங்காது என்பது அவர்களது சாத்திரம். நல்லது. அதே ஆண்டுகளில், அதே பேரரசின் கீழ், இம்மலைகளில் என்ன நடந்தது? 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலைநோயினால் கோப்பி அழிந்தபின் மலையெங்கும் தேயிலை பரவிற்று. ஆண்டு முழுவதும் கொழுந்து கொய்யப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. நிறைமாதக் கர்ப்பிணி கூடையோடு செங்குத்தான மலையேறியபோது கருப்பை கெடும் என்று எந்த மருத்துவரும் ஓடிவரவில்லை. பெண்மையின் மென்மை என்பது ஆளும் வர்க்கத்துப் பெண்ணுக்கு ஒரு விலங்கு. உழைக்கும் பெண்ணுக்கு அது வழங்கப்படவே இல்லை. அவள் பலசாலி என்பதை நிறுவை நாள்தோறும் நிரூபித்தது. ஆனால் அந்தப் பலத்துக்குப் பெயர் சூட்டப்படவில்லை.

பேரில் பேர்ட்டன் என்ற ஆங்கிலப் பெண்மணியை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. யோர்க்ஷயர் மாநிலத்துத் தொழிலாள வர்க்கப் பெண். சிறு வயதில் கடும் நோயுற்று மருத்துவமனையில் நெடுங்காலம் கிடந்தவர். கடின உழைப்புக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. அவரோ தோட்டமொன்றில் குனிந்து நிமிர்ந்து பயிர்வேலை செய்துகொண்டே சைக்கிளோட்டத்தில் உலகப் பட்டங்களை வென்றார். 1967இல் நடந்த பன்னிரண்டு மணிநேரத் தனியோட்டத்தில் அவர் கடந்த தூரம் 277 மைலுக்கும் அதிகம். அதே நாளில் ஆண்களுக்கான சாதனையை நிலைநாட்டிக்கொண்டிருந்த வீரரை வழியில் எட்டிப் பிடித்து, இனிப்பொன்றை நீட்டிவிட்டு முந்திச் சென்றார் என்பர். அவரது தூரம் அந்த ஆண்களின் சாதனையையும் கடந்து நின்றது. பெண்களில் அதனை முறியடிக்க ஐம்பது ஆண்டுகள் சென்றன. தோட்ட வேலையால் உரமேறிய உடல் அது என்பதை எங்கள் மாணவிகளிடம் அழுத்திச் சொல்வது என் வழக்கம்.

1984ஆம் ஆண்டு இரு வகையில் முக்கியமானது. அவ்வாண்டிலேதான் பெண்களின் வீதிச் சைக்கிளோட்டம் ஒலிம்பிக் விளையாட்டுக்களில் முதன்முதலாக இடம்பெற்றது. பெண்களுக்கெனப் பல வாரங்கள் நீண்ட பிரான்சுச் சுற்றும் நடந்தது. அதில் வென்ற அமெரிக்கப் பெண் மரியான் மார்ட்டினுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஆயிரம் டொலர். அதே கோடையில் ஆண்களில் வென்ற லோரன் பின்யோனுக்குக் கிடைத்ததோ அதனைப் போன்று நூறு மடங்கு. இங்கே, மலைநாட்டில், அதே 1984இல்தான் தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து நடத்திய போராட்டத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி என்பது நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரே மலையில் ஒரே மழையில் நின்றாலும் பெண்ணின் நாள் ஆணின் நாளைவிட மலிவானது. இவ்விரு செய்திகளையும் ஒரே கரும்பலகையில் எழுதியபோது, வகுப்பில் ஒரு மாணவி, “டீச்சர், நாங்க அவங்களுக்கு முந்திட்டம்” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சொன்னதிற் பிழையில்லை. போராட்டம் சங்கமாகத் திரண்டிருந்த இடத்தில் சமத்துவம் முன்னே வந்தது. தனித்தனியே ஓடிய இடத்தில் பிந்தியது.

அந்தப் போட்டியும் ஐந்தாறு ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. 2013இல் மரியன்னே வோஸ், எம்மா பூலி முதலியோர் கையெழுத்து இயக்கம் நடத்தினர். மறு ஆண்டு ஒரு நாட் போட்டி கிடைத்தது. 2022இல்தான் எட்டுக் கட்டப் போட்டி மீண்டது. வென்றவருக்கு 50,000 யூரோ. ஆண்களில் வெல்பவருக்கு 5 இலட்சம். முன்னணிப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று விதியாக வந்ததே 2020இல். வெற்றியாளரின் பெயர் மட்டுமே நமக்குத் தெரிகின்றது. அவருக்காக முன்னே சென்று காற்றை மறைத்தும், தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து வந்து கொடுத்தும் உழைக்கும் அணித் தோழியர் பலர். அவர்களின் உழைப்பையன்றி எந்தப் பட்டமும் இல்லை.

நுவரெலியாவிலும் மலையேற்றப் போட்டிகள் உண்டு. ஏப்ரல் மாத வசந்த காலத்தில் மகாகஸ்தோட்டையில் நடப்பது 1930களிலிருந்து பெயர்பெற்றது. ஆனால் அங்கு ஏறுபவை மோட்டார் கார்கள். தேயிலை மலைப் பாதையில் இயந்திரம் ஏறும் வேகம் விநாடியின் பின்னங்களில் அளக்கப்படுகின்றது, கைதட்டல் எழுகின்றது. அதே தேயிலை மலைகளில் முதுகில் கூடையோடு ஏறும் பெண்ணின் நேரத்தை எவரும் அளந்ததில்லை. கிலோவை மட்டுமே அளந்தனர். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை எத்தனையோ ஆண்டுகள் இழுபட்டு 2021இல்தான் வர்த்தமானியில் ஏறிற்று. அதற்குள் விலைவாசி எந்த உயரத்துக்கு ஏறியிருந்தது என்பதை எவரும் மறந்திருக்கமாட்டார்.

எங்கள் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த சீமைகளுள் ஒன்று புதுக்கோட்டை. அங்கே 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் சீலாராணி சுங்கத்தின் முயற்சியால், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. விவசாயக் கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் மாலை வேளைகளில் மைதானத்துக்கு வந்து விழுந்து எழுந்து பழகினர். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் தீர்ந்தபோது ஆண்களின் சைக்கிளையே வாங்கினர். ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் கற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாயிநாத் எழுதியுள்ளார். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும், அழைத்துச் செல்லும்படி கணவனையோ தம்பியையோ கெஞ்சும் நேரமும் அவர்களுக்கு மிஞ்சின. மேடு பள்ளம் குறைந்த சீமை அது, யாழ்ப்பாணமும் அப்படியே. அங்கே பாடசாலை விடும் நேரத்தில் வெள்ளைச் சீருடையணிந்த மாணவியர் சைக்கிளில் வரிசையாகச் செல்வதைக் கண்டு எனக்குப் பொறாமை உண்டானதுண்டு.

மலைநாட்டில் மேடு என்பதே காரணமாகச் சொல்லப்படுகின்றது. நான் அதனை முழுமையாக நம்பவில்லை. எங்கள் பாடசாலைக்கு நான்கு மைல் தொலைவிலுள்ள ஒரு டிவிசனிலிருந்து மாணவியர் நடந்து வருகின்றனர். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். விளையாட்டுப் போட்டியில் நெடுந்தூர ஓட்டத்தில் முதல் மூன்று இடங்களையும் அவர்களே பெறுவர். ஆயினும் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் இவர்களுள் பாதிப்பேர் நின்றுவிடுகின்றனர். உயர்தர வகுப்புள்ள பாடசாலை அதற்கும் அப்பால். மாலை வகுப்புக்கு நின்றால் கடைசிப் பேருந்து போய்விடும். குறுக்குப் பாதையில் இருட்டிய பின் தனியே வரும் பெண்பிள்ளையைப் பற்றி லயத்தில் என்ன பேச்சு எழும் என்பதே பெற்றோரின் அச்சம். கால்களின் வலிமை பற்றி எந்தப் பெற்றோரும் என்னிடம் கவலை தெரிவித்ததில்லை.

சைக்கிள் ஒன்று கிடைத்தால் எல்லாம் தீரும் என்று நான் சொல்லவில்லை. நேரத்துக்கு ஒரு பேருந்து, நடக்கக்கூடிய தூரத்தில் விஞ்ஞானப் பிரிவோடு ஓர் உயர்தரப் பாடசாலை—இவை அரசாங்கத்தின் கடமை. அவற்றுக்கான மனுக்களில் நாங்கள் ஆண்டுதோறும் கையெழுத்திடுகின்றோம். எனினும் இவ்வாண்டு ஆசிரியர் நால்வர் சேர்ந்து, பழைய சைக்கிள்கள் இரண்டு வாங்கப் பணம் திரட்டியுள்ளோம். நகரத்துத் திருத்தக்கடைக்காரர் அவற்றைப் பார்த்தார். சங்கிலியும் பல்சக்கரமும் பரவாயில்லையாம்; மேட்டில் முடியாவிட்டால் இறங்கி உருட்டிக்கொண்டு போகலாமாம். “எறக்கந்தான் டீச்சர் யோசிக்கணும், மழைக்குப் பிரேக் கட்டை புடிக்காது” என்றார். நல்ல பிரேக் கட்டைகளைக் கண்டியிலிருந்து எடுப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதலிற் பழகுவதற்கு மைதானத்துக்கு வருவதாகப் பதினொரு மாணவியர் பெயர் கொடுத்திருக்கின்றனர்.