தென்னைமரத் தீவில் பாங்கோசை

உலகப் படத்தில் இந்துமாக் கடலின் நடுவே உற்று நோக்கினால் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி தென்படும். கொக்கோஸ் தீவுகள் என்றும் கீலிங் தீவுகள் என்றும் அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 2,750 கிலோமீட்டர் தொலைவு. பவளப்பாறையால் அமைந்த 27 சிறு தீவுகளில் இரண்டில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். மொத்த மக்கள்தொகை அறுநூறு அளவிலேயே உள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் நம் சகோதர முஸ்லிம்கள்! ஓர் ஆஸ்திரேலிய மண்ணில் நோன்புப் பெருநாள் பொது விடுமுறை நாளாக விளங்குகின்றது என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே தோன்றின.

நம் ஊர்ப் பெரியவர்கள் கைகாரனான ஒருவனை 'எம்டன்' என்பார்களல்லவா? 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னை மீது குண்டு பொழிந்த அந்த ஜெர்மானியக் கப்பல், அதே ஆண்டு நவம்பர் 9 அன்று இத்தீவுகளுக்கருகேதான் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் சிக்கிச் சிதைந்தது. தந்தி நிலையத்தை அழிக்கக் கரையிறங்கியிருந்த வீரர்கள், அங்கு நின்றிருந்த பாய்மரக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றித் தப்பினர். அதன் பெயர் 'ஆயிஷா'! எவர் என்ன எண்ணிச் சூட்டினாரோ! அவ்வீரர்கள் சுமத்ராவை அடைந்து, அங்கிருந்து வேறு கப்பலில் யெமன் கரை சேர்ந்து, ஹிஜாஸ் ரயில் பாதை வழியாக 1915 மே மாதம் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார்கள்.

இவையெல்லாம் கப்பல்களின் கதை. மக்களின் கதை வேறு.

1826-இல் அலெக்சாண்டர் ஹேர் என்னும் ஆங்கிலேயர் மலாய் அடிமைகளை இங்குக் கொண்டுவந்து குடியேற்றினார். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்துக்காரரான ஜான் குளூனிஸ்-ராஸ் குடும்பத்துடன் வந்தார். ஹேர் சில ஆண்டுகளில் வெளியேறிவிட, ராஸ் குடும்பமே தீவுகளை ஆளலாயிற்று. 1886-இல் விக்டோரியா மகாராணி அவற்றை அக்குடும்பத்துக்கே நிரந்தரமாக வழங்கிவிட்டார். அங்கு வாழ்ந்த மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேங்காய் உரித்துக் கொப்பரை காயவைத்த அம்மக்களுக்குக் கூலியாகக் கிடைத்தது ராஸ் குடும்பமே அச்சிட்ட வில்லைகள். பிற்காலத்தில் அவை பிளாஸ்டிக்காலும் ஆனவை. அந்தக் குடும்பத்தின் கடையிலன்றி வேறெங்கும் அவை செல்லா. தீவை விட்டுப் போனவர் மீண்டும் திரும்பவும் இயலாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்ற நபிமொழியை மாணவர்களுக்குப் போதிக்கும்போதெல்லாம் அந்த வில்லைகளே என் நினைவுக்கு வருகின்றன. கொடுக்கப்பட்டது கூலிதானா?

1955-இல் தீவுகள் ஆஸ்திரேலியாவின் வசமாயின. 1978-இல் அந்நாட்டு அரசு 62.5 லட்சம் டாலர் கொடுத்து, மாளிகை நீங்கலாக ஏனையவற்றை ராஸ் குடும்பத்திடமிருந்து வாங்கியது. 1984 ஏப்ரல் 6 அன்று ஐக்கிய நாடுகள் சபையின் பார்வையில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. வாக்களித்த 261 பேரில் 229 பேர் ஆஸ்திரேலியாவுடன் இணையவே விரும்பினர். தனி நாடு கேட்டவர்கள் ஒன்பதே பேர். விடுதலையை வேண்டாமென்ற பேதைகள் என எவரேனும் நகைக்கக்கூடும். நான் நகைக்கமாட்டேன். செல்லும் காசில் கூலி, சென்று திரும்பும் உரிமை, தம் மார்க்கத்துக்கு மதிப்பு, இவை கிட்டும் இடத்தையே அவர்கள் தேர்ந்தார்கள்.

இன்று ஹோம் தீவில் வீட்டில் மலாய் மொழியும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் ஒலிக்கின்றன. முன்பே புலம்பெயர்ந்து மலேசியாவின் சபா மாநிலத்தில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள், இன்றும் கொக்கோஸ்காரர்கள் என்றே அங்கு அழைக்கப்படுகின்றனர்.