கோவாவில் ஒரு வளைவு

சென்ற மே மாதம் என் தந்தையாருடன் பழைய கோவாவுக்குப் போய் வந்தேன். கோவா என்றதும் கடற்கரையை நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நாங்கள் கடலைப் பார்க்கவே இல்லை. பழைய தேவாலயங்களையும் இடிந்த மதில்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதுவதோடு, இங்கே சிலரிடம் நான் சொல்லியிருந்த பொய் ஒன்றையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

விடுமுறை தொடங்கியதும் அப்பா திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு என்னைப் பார்க்க வந்தார். விடுதியில் நண்பர் ஒருவர் அவரை வணங்கி, “ஊரில் உங்கள் அச்சகம் எப்படி நடக்கிறது, ஐயா?” என்று கேட்டார். அப்பா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். “நல்லா நடக்குது தம்பி” என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு அச்சகம் கிடையாது. பிறருடைய சிறிய அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் எழுத்துக் கோத்தவர் அவர். கம்பாசிட்டர் மகன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நாணமாக இருந்தது. ஆகவே ஒரு சொல்லில் அவரை முதலாளியாக்கி வைத்திருந்தேன். மறுநாள் இரவு கொங்கண் இரயிலில் ஏறியபின் அப்பா நன்றாக உறங்கினார். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

காலையில் கர்மாலி நிலையத்தில் இறங்கினோம். பழைய கோவா அங்கிருந்து அருகில்தான். பிஜப்பூர் சுல்தானிடமிருந்து 1510இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றித் தலைநகராக்கிய ஊர் அது. செல்வம் கொழித்த அந்நகரைப் பகைவரினும் கொள்ளைநோய்களே அதிகம் அழித்தன. மக்கள் சிறிது சிறிதாக வெளியேறினார்கள். 1843இல் தலைநகரப் பெயரும் பஞ்சிமுக்குப் போயிற்று. வீடுகளும் தெருக்களும் மறைந்தன. தேவாலயங்கள் மட்டும் தென்னைகளுக்கிடையே நிற்கின்றன. குடியில்லாத ஊரில் கோயில்களை மட்டும் காண்பது மனத்தை என்னவோ செய்கிறது.

முதலில் போம் ஜேசு ஆலயம் சென்றோம். 1605இல் கட்டி முடித்த கோயில். வெளிச்சுவரில் சுண்ணப் பூச்சு இல்லை. செம்புரைக் கல் வெயிலில் பழுத்த நிறத்தில் நிற்கிறது. உள்ளே வெள்ளிப் பேழையில் புனித சவேரியாரின் உடல் இருக்கிறது. “நம்ம மணப்பாட்டுல குகையில தங்கியிருந்தாரே, அவருதானே?” என்று கேட்டு, அப்பா கைகூப்பினார். 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அந்தத் துறவி, 1552இல் சீனக் கரையை ஒட்டிய ஒரு தீவில் இறந்தார். உடல் கோவாவுக்கு வந்து சேர்ந்தது.

எதிரே பெரிய கதீட்ரல். முன்பு அதற்கு இரண்டு மணிக்கோபுரங்கள். 1776இல் ஒன்று விழுந்துவிட்டது. நான் படித்து வந்ததையெல்லாம் ஒப்பித்துக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். பக்கத்திலுள்ள அசிசியார் ஆலயத்தின் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தளம் முழுவதும் கல்லறைப் பலகைகள். அப்பா ஒரு பலகையின் தலைப்பக்கம் இருந்துகொண்டு, தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளைத் தடுமாற்றமின்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மொழி தெரியாது, எழுத்து தெரியும். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே படித்துப் பழகிய கண் அது. “பாருய்யா, மேல் வரியில தாராளமா இடம் விட்டு வந்தவன், கடைசியில இடம் பத்தாம நெருக்கிப்புட்டான்” என்று சிரித்தார். நானூறு ஆண்டுப் பெருமைகளை நான் காட்ட, அவர் கல்தச்சனின் கைப்பிழையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்!

அகஸ்தீனார் ஆலய இடிபாட்டை அடைந்தபோது உச்சிப்பொழுது. 1842இல் கூரை வளைவு இடிந்து விழுந்தது; 1931இல் முகப்பும் சரிந்தது. எஞ்சியிருப்பது ஏறத்தாழ 46 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரப் பகுதி. அதன் நிழலில் அமர்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். விடுதியில் நடந்ததைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை.

மாலையில் அப்பாவை ஃபோண்டா செல்லும் சாலையோரத்துக்கு அழைத்துப் போனேன். பயணிகள் அதிகம் நிற்காத இடம். செம்புரைக் கல்லும் கருங்கல்லும் கலந்த ஒற்றை வளைவு ஒன்று இருக்கிறது. தூய பவுல் கல்லூரியில் மிஞ்சியது அவ்வளவே.

“இதுல என்னய்யா இருக்கு?” என்றார்.

நான் சொன்னேன்: 1556இல் அபிசீனியாவுக்கென்று புறப்பட்ட அச்சுப்பொறி ஒன்று வழியில் கோவாவிலேயே தங்கிவிட்டது, அதை நிறுவியது இந்தக் கல்லூரியில்தான். இந்திய நாட்டின் முதல் அச்சுப்பொறி அது. 1577இல் இதே கோவா நகரில் கொன்சால்வெஸ் என்ற இயேசு சபைத் துறவி தமிழ் எழுத்துகளை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் இன்னொரு வகை எழுத்து வார்த்து, என்றீக்கே என்றீக்கசு பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பதினாறு பக்க நூலை அச்சிட்டார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தும் கொல்லம் எழுத்தும் தனித்தனியே காட்டப்பட்டிருக்கின்றன.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வளைவின் அருகே சென்று கல்லைத் தொட்டார்.

“வார்த்தவரு பேரு சொன்ன, எழுதினவரு பேரு சொன்ன. கோத்தவன் பேரு என்ன?”

“நான் படிச்சதுல இல்லப்பா.”

“இருக்காது” என்றார், வருத்தமில்லாமல். “ஊர்ல எத்தனை கல்யாணத்துக்கு நான் கோத்திருப்பேன்! எம்பேரு எதுலயும் கிடையாது. கடையை மூடினப்ப எழுத்தையெல்லாம் சாக்குல கட்டி எடைக்குப் போட்டாங்க. அன்னைக்கு மட்டும்தான் எனக்குச் சோறு இறங்கல.”

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. “அப்பா, விடுதியில உங்களை அச்சக முதலாளின்னு சொல்லி வச்சிருக்கேன். தப்புதான்” என்றேன்.

“அந்தத் தம்பி கேட்டப்பவே தெரிஞ்சுதுய்யா” என்றார். “முதலாளி நல்ல மனுசன். ஆனா ஒரு நாளும் எழுத்தைக் கையில எடுத்தது கிடையாது. நீ என்னைக் கூட்டிச் சொன்னதா நினைச்சுக்கிட்டிருக்க. குறைச்சுல்லா சொல்லிட்ட!”

கோபமில்லை, ஒரு பிழையைத் திருத்தும் குரல்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, “இரயிலுக்கு நேரமாச்சு, வா” என்று நடந்தார்.

நண்பர்களே, என் தந்தையார் அச்சக முதலாளி அல்லர், அச்சுக் கோத்தவர். என்னிடம் வேறு விதமாகக் கேட்டவர்கள் திருத்திக்கொள்க. இந்த இதழ் வந்ததும் ஒரு பிரதியை அவருக்கு அனுப்புவேன். இதில் அச்சுப்பிழை இருந்தால் முதலில் காண்பவர் அவராகத்தான் இருப்பார்.