நொய்யலை எதிர்த்து ஒரு பயணம் – 3: பருப்பு வேகாத தண்ணி

போன வாரம் கொடுமுடிப் படித்துறையில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்தே தொடங்குகிறேன். இந்த வாரம் நான் போன இடத்துக்கும் அந்தப் படித்துறைக்கும் உள்ள உறவு இத்தனை வருஷமாக எனக்கு உறைக்கவே இல்லை.

காவிரி எங்கள் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் நொய்யல் அதில் வந்து சேர்கிறது. சேருகிற ஊருக்குப் பெயரும் நொய்யல்தான், கரூர் மாவட்டம். ஆகவே மகுடேசுவரர் கோயில் துறையில் நாங்கள் மொள்ளுகிற தண்ணியில் நொய்யல் கலப்பதில்லை. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி கட்டுகிறவர்கள் இங்கே வந்து, வன்னி இலை போட்டுத் தீர்த்தம் எடுத்துப் போவார்கள். அந்தத் தண்ணி எத்தனை நாளானாலும் கெடாது என்பது எங்கள் நம்பிக்கை. சின்ன வயதில் அப்பாரு கையைப் பிடித்துக்கொண்டு நானும் அந்தக் கூட்டத்தோடு நடந்திருக்கிறேன். நமக்குக் கீழே இருக்கிற புகளூர்க்காரரும் கரூர்க்காரரும் எந்தத் தண்ணியை மொள்ளுகிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

படித்துறையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிகாரம் செய்ய வருகிறவர்கள் முழுக்குப் போட்டுவிட்டு உடுத்தி வந்த துணியை ஆற்றோடு விட்டுப் போகிறார்கள். ஈரத்துணி படிக்கட்டில் காலைச் சுற்றுகிறது. தோஷம் கழிக்க வந்த இடத்தில் ஆற்றுக்கு ஒரு தோஷத்தைக் கட்டிவிட்டுப் போகலாமா? பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இந்த வாரம் கொடுமுடியிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சென்னிமலை போனேன். போர்வைக் கடைகளைத் தாண்டி ஆட்டோ நிறுத்தத்தில் நின்று “ஒரத்துப்பாளையம் டேம்” என்றதும் அங்கிருந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“டேமுக்குங்களா? அங்க பார்க்க என்னங்க இருக்குது?” என்றார் ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். போக, வர, காத்திருக்க ஐந்நூறு ரூபாய் என்று பேசி ஏறினேன்.

போகிற வழியெல்லாம் சோளத்தட்டுக் காடும் வேலியும்தான். கொடுமணல் பக்கத்தில்தான் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்கிற ஊர். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது கல்மணி பட்டை தீட்டிய பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. கரூருக்கும் மேற்குக் கடற்கரைக்கும் நடுவே வணிகச் சாத்துகள் போய்வந்த வழியில், நொய்யல் கரையில் இருந்த தொழில் ஊர் அது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் இந்த ஆற்றோரத்தில் ஏற்றுமதிதான் நடந்தது. அந்தப் பட்டறைக்காரர்களும் இதே ஆற்றில்தான் தண்ணி குடித்திருப்பார்கள்.

அணை வந்தது. வந்தது என்று சொல்வதற்கு முதலில் கண்ணில் படுவது கரை மட்டும்தான். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 40 அடி உயரம். மேலே ஏறி நின்று உள்பக்கம் பார்த்தால் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேல மரம் கண்ணுக்கு எட்டிய மட்டும். நடுவில் ஒரு ஓடை. அந்த ஓடை மதகு வழியே விழுந்து ஓடுகிறது. விழுகிற இடத்தில் நுரை, சோப்பு நுரை மாதிரி, கல் இடுக்கில் அப்பிக்கொண்டு காற்றுக்கு அசைகிறது. ஷட்டர் திறந்தே இருக்கிறது. தண்ணியைத் தேக்கக் கட்டிய அணையில் தண்ணி தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது வேலை.

நொய்யலின் குறுக்கே கட்டிய இந்த அணை 1992இல் முடிந்தது. செலவு 16 கோடி ரூபாய்க்கு மேல். ஈரோட்டுப் பக்கம் கொஞ்சமும், கீழே ஆத்துப்பாளையம் நீர்த்தேக்கம் வழியாகக் கரூர்ப் பக்கம் பெரும்பகுதியுமாக ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் என்று கணக்கு. அதே வருஷங்களில்தான் மேலே திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஓங்கி வளர்ந்தது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும், மூட்டை மூட்டையாக. சாயம் துணியில் தங்கும். உப்பு தண்ணியோடு போகும். நிறத்தை எடுக்கச் சுண்ணாம்பு போட்டுச் சுத்தம் செய்தார்கள். உப்பு அதற்கெல்லாம் அசையாது. 700க்கு மேற்பட்ட சாயப் பட்டறைகள், ஒரு நாளைக்கு 8, 9 கோடி லிட்டர் கழிவுநீர். மழை இல்லாத மாதங்களில் நொய்யலில் ஓடியதே அதுதான். விவசாயிக்கென்று கட்டிய அணை அத்தனையையும் பிடித்து வைத்துக்கொண்டது.

கரூர்த் தாலுகா நொய்யல் கால்வாய் விவசாயிகள் 1996இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தண்ணி விடு என்று வழக்குப் போட்ட விவசாயிகளை நமக்குத் தெரியும். இவர்கள் இந்தத் தண்ணி எங்களுக்கு வேண்டாம் என்று போனவர்கள். கரைமேல் நின்றுகொண்டு இதை நினைத்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது.

கூடவே ஆரல் கடலும் நினைவுக்கு வந்தது. அதன் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உஸ்பெகிஸ்தானில் மொய்னாக் என்ற ஊர், ஒரு காலத்தில் மீன்பிடித் துறைமுகம். இன்று மணல்மேட்டில் துருப்பிடித்த கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. கடல் எங்கேயோ போய்விட்டது. 1960இல் அந்த உள்நாட்டுக் கடல் 68,000 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். அமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு ஆறுகளையும் சோவியத் அரசு வாய்க்கால் வெட்டித் திருப்பியது. எதற்கு? பருத்தி விளைவிக்க. கடல் சுண்டச் சுண்ட உப்பு ஏறி மீன் செத்தது. வெளியே வந்த தரையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் புழுதியாகக் கிளம்பி ஊர்களின் மேல் விழுந்தது. அங்கே பருத்தியை விளைவிக்க ஒரு கடல் போயிற்று. இங்கே பருத்திக்கு நிறம் ஏற்ற ஒரு ஆறு போயிற்று. நாம் போட்டிருக்கிற பனியனுக்கு இரண்டு ஊர்க் கணக்கும் உண்டு. வடக்கு ஆரலில் 2005இல் கசக்ஸ்தான் ஒரு அணை கட்டித் தண்ணியைத் தேக்க, மீன் திரும்பியது. நம் அணையைத் திறந்து வைத்தால்தான் நமக்கு நிம்மதி.

கீழே இறங்கி வந்ததும் ஆட்டோக்காரர் எண்ணூறு என்றார். ஒன்றரை மணி நேரம் நின்றாயிற்று, எண்ணூறு குடுத்தால்தான் கட்டும் என்றார். பேசியது ஐந்நூறு, அதில் காத்திருப்பும் சேர்த்துத்தானே பேசினோம் என்றேன். அவர் குரல் ஏறியது, என் குரலும் ஏறியது. முன்னூறு ரூபாய் என்பதை விட, பேசின பேச்சு மாறுவதுதான் எனக்குப் பொறுக்காது.

பக்கத்துத் தோட்டத்துச் சாளையிலிருந்து ஒரு அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, கையில் சுளகு.

“ஏஞ்சாமி, உச்சி வெயில்ல நின்னு எதுக்கு இப்படி? நெழலுக்கு வாங்க. ரெண்டு பேரும் ஒரு வாய் சாப்புட்டுப் போட்டு அப்பறம் சண்ட போடுங்க.”

மறுக்க முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்தோம். அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும். கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு இதைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் அன்றைக்கு அந்தப் பருப்பு வாயில் கரைந்த விதத்தைப் புகழ்ந்தபோது அந்த அம்மா சொன்னதைக் கேட்டு என் கை வட்டலிலேயே நின்றுவிட்டது.

“அது கொழாத் தண்ணிங்க கண்ணு, காவேரி ஆத்துத் தண்ணி. கெணத்துத் தண்ணியில பருப்பு வேகாது. ரெண்டு மணி நேரம் வெச்சாலும் கல்லாட்டத்தான் கெடக்கும்.”

உள்ளே போய் ஒரு அலுமினியப் போசியை எடுத்து வந்து காட்டினார். கிணற்றுத் தண்ணி காய்ச்சுகிற போசி. உள்பக்கம் அடி முழுக்க வெள்ளைப் பொருக்கு, விரல் நகத்தின் கனத்துக்கு. கத்தி முனையால் சுரண்டினார். சில்லுச் சில்லாகப் பெயர்ந்து திண்ணையில் விழுந்தது. ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது, பிறகு கசந்தது, பிறகு வாய் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.

“டேம் கட்டறப்ப எங்க வீட்டுக்காரரு அப்படி ஒரு சந்தோசப்பட்டாரு. மொத வருசம் கெணறு மேலேறுச்சு. அப்பறம் நெறம் வந்துச்சு. ஒரு வாரம் செவப்பு, ஒரு வாரம் நீலம். நெல்லு போச்சு, மஞ்ச போச்சு, வாழ போச்சு. தென்ன மட்டும் நின்னுச்சு. அதுல எளநி வெட்டுனா உப்புக் கரிச்சுது. ஒரம்பரைக்கு எளநி வெட்டிக் குடுக்க வெக்கமாப் போச்சுங்க சாமி.”

நஷ்டஈடு வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். ஒரு எருமை வாங்கலாமென்று பார்த்தால் பத்தவில்லையாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கணக்கு இருக்கிறது: 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் ரூபாய் என்று சூழல் இழப்பு ஆணையம் 2004இல் கணித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி எட்டாயிரத்து எழுநூறு வராது. ஒரு கிணற்றின் விலை, ஒரு மஞ்சக் காட்டின் விலை, உறவினருக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கிற பெருமையின் விலை. எட்டாயிரத்துச் சொச்சம்.

அதுவரை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் அப்போதுதான் பேசினார்.

“நானும் பட்டறையில பதினோரு வருசம் இருந்தவனுங்க. சாயம் போடற விஞ்ச் மிசின்ல. கையி ஒரு நாளு பச்ச, ஒரு நாளு கருப்பு. சோத்த உருட்டுனா சோறு நெறம் மாறும். இந்த ஆத்தாவோட கெணத்துக்கு வந்த நெறம் நான் ஊத்துனதாக்கூட இருக்கும்.”

அந்த அம்மா அவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி சாதம் போட்டார்.

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்றது. விட்டால் லிட்டருக்கு 6 காசிலிருந்து ஏறுகிற அபராதம், அணையைச் சுத்தம் செய்யும் செலவும் சாயப் பட்டறைக்காரர்கள் தலையில். 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, பட்டறைகளை மூடு, மின்சாரத்தைத் துண்டி என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

“தை மாசங்க. கரண்ட்டப் புடுங்கிட்டாங்க. மொதலாளி வேற ஊருக்குத் துணிய அனுப்பி ஆர்டர முடிச்சுக்கிட்டாரு. எனக்கு மூணு மாசம் கஞ்சிக்கு வழியில்ல. அதுக்கப்பறந்தான் இந்த ஆட்டோ.”

மூடியதும் சரி. மூன்று மாதம் அவர் பட்டினி கிடந்ததும் உண்மை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. உப்பைப் பிரித்துத் தண்ணியைத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. விஞ்ச் மிசினில் நின்றவருக்கு அந்த மூன்று மாதத்தில் யார் என்ன கொடுத்தார்கள்? இருபது வருஷம் லாபம் பார்த்தவர்கள் முதலிலேயே அந்த எந்திரங்களை வாங்கி வைத்திருந்தால் கிணறும் கெட்டிருக்காது, இவரும் தெருவுக்கு வந்திருக்க மாட்டார். இதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

இந்தத் தொடரின் முதல் பகுதியில், வெள்ளியங்கிரி அடிவாரம் வரை நொய்யலை எதிர்த்தே போவேன் என்று உற்சாகமாக எழுதியிருந்தேன். மலையில் அது இன்னும் கண்ணாடி மாதிரி ஓடுகிறது என்பார்கள். அதைப் பார்க்கிற ஆசை இப்போது எனக்குக் குறைந்துவிட்டது. அடுத்த வாரம் திருப்பூர் போகிறேன், அது மட்டும் நிச்சயம். பவானிப் பக்கம் காவிரியிலிருந்து குழாய் போட்டுத் திருப்பூருக்குத் தண்ணி கொண்டுபோகிறார்களே, அது பட்டறைக்குள் போய் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது அந்த அம்மா எந்த ஊர் என்று கேட்டார். கொடுமுடி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

“கொடுமுடியிங்களா! எங்க வீட்டுக்காரரு வருசா வருசம் தீர்த்தத்துக்கு வருவாரு. அவரு போனதுலருந்து ஆரும் கொண்டாந்து குடுக்கலீங்க. வர்றப்பவே ஒரு சொம்பு கொண்டாந்திருக்கலாமில்ல கண்ணு?”

சென்னிமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் எண்ணூறு நீட்டினேன். அவர் ஐந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். எதிரே பாத்திரக் கடை இருந்தது. மூடி போட்ட பித்தளைச் சொம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

(தொடரும்)