காயல் வழியே மூன்று நாட்கள்

கேரளத்து வேம்பநாட்டுக் காயலைக் காண விழைவோர்க்கு வழிகள் இரண்டு உள. படுக்கையறையும் சமையலறையும் அமைந்த சுற்றுலாப் படகை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம். அன்றேல், ஆலப்புழைப் படகுத்துறையில் ஊராரோடு ஊராராய் நின்று, அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகில் ஏறிவிடலாம். சனவரித் திங்களில், முதுகில் ஆளுக்கொரு பையைச் சுமந்து சென்ற நாங்கள் நால்வரும் இரண்டாம் வழியையே விரும்பினோம். சிக்கனமும் ஒரு காரணமே, அதை மறைப்பானேன்?

இக்காயல் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளமுடையது. காயல் என்னும் சொல்லும் நமக்குப் புதிதன்று. நம் காயல்பட்டினத்தின் பெயரில் இன்றும் வாழ்கிறது.

படகின் முன்புறத்தில் சக்கரத்தைப் பற்றி அமர்ந்திருப்பவரை ஸ்ராங்கு என்கின்றனர். இயந்திரத்தை இயக்குபவர் வேறொருவர். ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணியடிக்க, அவ்வொலியைக் கேட்டே மற்றவர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். துறைக்குத் துறை படகு நின்றது. சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகள் ஏறினர். மருத்துவரிடம் சென்று திரும்பிய மூதாட்டி ஒருவர் இறங்கினார். எரிவாயு உருளை ஒன்றும் எங்களோடு பயணம் செய்தது. சாலையே இல்லாத தீவுக் குடும்பங்களுக்கு இப்படகுதான் பேருந்து. அது தாமதித்தால் பள்ளியும் தாமதம், மருந்தும் தாமதம்.

கால்வாய்க்குள் புகுந்ததும் வியப்பான காட்சியொன்று தென்பட்டது. நாங்கள் சென்ற நீர் மேலே இருக்க, நெல்வயல்கள் கீழே தாழ்ந்து கிடந்தன! குட்டநாட்டு வயல்கள் பல கடல் மட்டத்திற்கும் கீழே, சில இடங்களில் 2 மீட்டர் வரை தாழ்ந்தவை. சுற்றிலும் மண்ணால் வரம்பெடுத்து, உள்ளிருக்கும் நீரை வெளியே இறைத்த பின்னரே உழவு தொடங்கும். முற்காலத்தில் மரச்சக்கரங்களைக் காலால் மிதித்து இரவும் பகலும் நீர் இறைத்தனராம். இவ்வேளாண்மை முறையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ஆம் ஆண்டு உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. வரம்பு உடைந்தால் ஒரே இரவில் பயிர் முழுவதும் நீருக்குள் போய்விடும் என்று கைநகரியில் உழவர் ஒருவர் எங்களிடம் கூறினார். 2014-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற சாவரா குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார் 1805-இல் பிறந்த ஊர் இதுவே. அவர் பிறந்த இல்லத்தைப் போற்றிக் காத்து வருகின்றனர்; சிறிது நேரம் அங்கே அமர்ந்திருந்தோம்.

மறுநாள் முகம்மாவிலிருந்து குமரகம் செல்லும் படகில் ஏறிக் காயலின் நடுவே சென்றோம். பாதிராமணல் தீவு பச்சைக் குவியலாய் நீரில் மிதப்பது போல் தோன்றிற்று. அழகு குறைவில்லை. ஆனால் நீரின் மேல் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்ததையும், ஆங்காங்கே எண்ணெய்ப் படலம் மினுங்கியதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நெல் ஏற்றிச் சென்ற பழைய கெட்டுவள்ளங்கள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. துடுப்பாலும் கழியாலும் இயங்கியவை. அவற்றின் வடிவிலே இன்று உலவும் சுற்றுலாப் படகுகளோ இயந்திரத்தால் இயங்குகின்றன. அவற்றின் கழிவு எங்கே செல்கிறதென்று பயணிகள் கேட்பதும் அரிது.

முகம்மாவுக்கு வடக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை உளது. கோடையில் உப்புநீர் புகுந்து நெல்லைக் கெடுக்காதிருக்க எழுப்பி, 1976-இல் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தனர். அதன் கதவுகளை மூடினால் உழவனுக்கு வாழ்வு. ஆனால் உப்புநீரை நாடிச் சென்று இனம் பெருக்கும் ஆற்று இறாலுக்கு வழி அடைபடுகிறது. உப்பு பட்டால் மடியும் களைகள் செழிக்கின்றன. மட்டி அள்ளும் தொழிலாளி ஒருவர், உரிய காலத்தில் கதவைத் திறந்தால் போதும் என்றார். கைநகரி உழவரோ, அறுவடை முடியுமுன் திறந்தால் தாம் அழிவது உறுதி என்றிருந்தார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் விதைப்பு பிந்துவதால் நேரும் தாமதத்தின் சுமையை ஆண்டுதோறும் மீனவனே சுமப்பது முறையாகாது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் மேற்கே நடந்து மாராரிக்குளம் கடற்கரையை அடைந்தோம். தென்னஞ்சோலை, வெண்மணல், கரையேற்றிய படகுகள். வேறு ஆரவாரம் எதுவுமில்லை. அருகில் உள்ள அர்த்துங்கல் பேராலயத்தில் புனித செபஸ்தியார் திருவிழாவுக்குப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. சபரிமலை சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்கள் இவ்வாலயத்திற்கு வந்து தம் மாலையைக் கழற்றும் வழக்கம் உண்டு. கறுப்பு வேட்டி உடுத்திய இளைஞர் சிலரை அங்கே கண்டு மகிழ்ந்தோம்.

மாலையில் வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டோம். அவ்வாண்டு கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, உள்நாட்டில் வெள்ளத்தில் சிக்கியோரை மீட்டதை வாசகர்கள் அறிவர். இவரும் சென்றவரே. கூரைமேல் ஒதுங்கியிருந்த குடும்பங்களை இறக்கியதைச் சுருக்கமாகச் சொன்னார். பின்பு எழுந்து, தம் படகின் அடிப்புறத்தில் நீண்டு கிடந்த கீறலை எங்களுக்குக் காட்டினார். வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த யாரோ ஒருவரின் மதில் உரசியதாம். அதைப் பூசி அடைத்துவிட்டு அடுத்த வாரமே கடலுக்குப் போனாராம்.