டென்னிஸ் கோர்ட்டில் ஒரு படகு!

கடல்ல மிதக்க வேண்டிய படகு, டென்னிஸ் கோர்ட்ல நின்னா எப்படி இருக்கும்? பார்க்கணும்னா கியூபா போகணும்!

தலைநகர் ஹவானாவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னக் குன்று. அதன்மேல் 'ஃபின்கா விஹியா' என்ற வீடு. எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1939 முதல் 1960 வரை இங்கேதான் வாழ்ந்தார். இப்போ மியூசியம். உள்ளே விடமாட்டாங்க, ஜன்னல் வழியா எட்டித்தான் பார்க்கணும். ஆயிரக்கணக்கில் புத்தகங்கள், வேட்டையாடிய மிருகங்களின் தலைகள், பாத்ரூம் சுவரில் மனுஷன் கிறுக்கி வைத்த உடல் எடைக் கணக்கு!

வெளியே வந்தால் நீச்சல் குளம். பக்கத்திலேயே, வளர்த்த நாய்களுக்கு நான்கு கல்லறைகள். அதை ஒட்டி, முன்பு டென்னிஸ் கோர்ட்டாக இருந்த இடத்தில், கூரைக்கு அடியில் நிற்கிறது 'பிலார்'. கறுப்பு உடம்பு. 38 அடி நீளம்.

1934-ல் ஹெமிங்வேக்கு 34 வயது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த வீலர் படகுத் தளத்தில் ஆர்டர் கொடுத்தார். விலை 7,495 டாலர். கையில் அவ்வளவு பணம் இல்லை. 'எஸ்கொயர்' பத்திரிகை, இனிமேல் எழுதப்போகும் கட்டுரைகளுக்காக 3,000 டாலர் அட்வான்ஸ் தந்தது. எழுதாத கட்டுரைகளை அடகு வைத்து வாங்கிய படகு!

பிலார் என்பது இரண்டாவது மனைவி பாலினுக்கு அவர் வைத்திருந்த செல்லப் பெயர். 1940-ல் பாலினோடு விவாகரத்து. ஆனால், படகின் பெயரை மாற்றவில்லை. அதே வருஷம் வந்த நாவலிலும் பிலார் என்று ஒரு பாத்திரம்! அதற்குப் பிறகு இரண்டு மனைவிகள் வந்தார்கள். படகு மட்டும் கடைசிவரை அதேதான்.

அந்தப் படகில் அவர் அடித்த லூட்டிகள் கொஞ்சமில்லை. 1935-ல் சுறாவைச் சுடப்போய், குண்டு தன் இரண்டு கால்களிலுமே பாய்ந்தது. 1942, 43-ல் துப்பாக்கி, கையெறி குண்டு சகிதம் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடி அலைந்தார். ஒன்றோடுகூட மோதவில்லை!

அட, இவ்வளவுதானா பிலார் என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்க.

1936-ல் அதே எஸ்கொயரில் ஒரு கட்டுரை எழுதினார். கியூபாவின் ஒரு கிழட்டு மீனவர், சின்னப் படகில் தனியாகப் போய் பிரமாண்டமான மர்லின் மீனைப் பிடிக்கிறார். கரை சேர்வதற்குள் சுறாக்கள் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. மற்ற மீனவர்கள் கண்டுபிடித்தபோது அவர் படகில் அழுதுகொண்டு இருந்தார். கட்டுரையில் இது சில வரிகள்தான். ஆனால், அந்த அழுகை ஹெமிங்வேயை விடவில்லை. 16 வருஷம் கழித்து, 1952-ல், அதுதான் நம்ம காலேஜ் பசங்க பலர் பாடமாகப் படித்த 'கடலும் கிழவனும்'. 1953-ல் புலிட்சர், 1954-ல் நோபல். அட்வான்ஸ் வட்டியோடு அடைந்துவிட்டது!

கவனிச்சீங்களா? அவரிடம் இருந்தது இரண்டு இன்ஜின் படகு. எழுதியதோ இன்ஜினே இல்லாத படகில் போன கிழவரைப் பற்றி. பெரிய படகில் உட்கார்ந்துகொண்டு, சின்னப் படகைப் பார்க்கத் தெரிந்த கண் அது.

ஹவானாவுக்குக் கிழக்கே கோஹிமார் என்ற மீனவ கிராமம். பிலாரைக் கட்டி வைத்த துறை அது. படகை ஓட்டிய கிரிகோரியோ ஃபுயன்டெஸின் ஊரும் அதுதான். 1960-ல் கியூபாவை விட்டுப் போன ஹெமிங்வே திரும்பவில்லை. 1961 ஜூலை 2-ம் தேதி, அமெரிக்காவில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். கிரிகோரியோ 2002 வரை, 104 வயது வாழ்ந்தார்.

ஹெமிங்வே இறந்த செய்தி கேட்டு, கோஹிமார் மீனவர்கள் அவருக்கு ஒரு சிலை வைக்க நினைத்தார்கள். வெண்கலம் வாங்கக் காசு இல்லை. தங்கள் படகுகளின் பழைய புரொப்பல்லர்களையும் பித்தளைச் சாமான்களையும் கழற்றிக் கொடுத்தார்கள். உருக்கி வார்த்த அந்த மார்பளவுச் சிலை, இன்றும் கடலோரத்தில் இருக்கிறது.

பிலார் கரையேறிவிட்டது. அந்தச் சின்னப் படகுகளின் பித்தளை, இன்னும் அவரைக் கடல் பக்கத்திலேயே வைத்திருக்கிறது.