டாஷ்போர்டுக்குள் கிழியும் ரப்பர்

பழைய பென்ஸ் காரில் குளிர்ச்சி குறைந்தால் எல்லோரும் முதலில் கேஸ் ஏற்றத்தான் ஓடுகிறார்கள். கேஸ் சரியாக இருக்கும், கம்ப்ரசரும் ஓடும். ஆனால் முகத்துக்குக் காற்று வராது. கண்ணாடிப் பக்கமும் காலடியிலும் வீணாகிக்கொண்டிருக்கும். பல கார்களில் கோளாறு இருப்பது டாஷ்போர்டின் அடியில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். மெக்கானிக்குகள் அதை வாக்குவம் பாட் என்கிறார்கள். அதைப் பிரித்துச் சரிசெய்கிற ஒருவரைப் பார்க்க அம்பத்தூருக்குப் போயிருந்தேன்.

பட்டறையில் நின்றது டபிள்யூ 124. 1984-ல் ஜெர்மனியில் அறிமுகமாகி, 1995-ல் டெல்கோவுடன் கூட்டாக புனேயில் தயாரான வண்டி. இதில் காற்றைத் திருப்பிவிடும் தகடுகளை இழுப்பது மோட்டார் அல்ல, வாக்குவம். பெட்ரோல் வண்டியில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே உறிஞ்சல் கிடைத்துவிடும். டீசலில் அதற்கு என்ஜினே ஓட்டும் தனி பம்ப் உண்டு. பாட்டுக்குள் ஒரு ரப்பர் டயாப்ரம், ஒரு ஸ்பிரிங், வெளியே நீளும் ஒரு கம்பி, அவ்வளவுதான். டயாப்ரம் கிழிந்தால் ஸ்பிரிங் தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வெளிக்காற்றை அடைக்கும் தகட்டுக்கு இது நேர்ந்தால் சித்திரை வெயிலின் சூடு முழுவதும் உள்ளே வரும். எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் பயனில்லை.

பட்டறை அண்ணன் டாஷ்போர்டை உடனே கழற்றவில்லை. கிளவ் பாக்ஸை மட்டும் எடுத்தார். அதன் பின்னால் வால்வுகளிலிருந்து மெல்லிய வண்ணக் குழாய்கள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பாட்டுக்குப் போகிறது. முள் வைத்த கை பம்பை ஒவ்வொரு குழாயிலும் மாட்டி இழுத்தார். ஒன்றில் முள் 15 அங்குலப் பாதரச அளவுக்கு ஏறி அசையாமல் நின்றது. அடுத்ததில் ஏறிய வேகத்திலேயே இறங்கியது.

"முள்ளு நிக்கல பாருங்க சார். இதுதான் போயிருக்கு."

அவர் முன்பே கழற்றி வைத்திருந்த ஒரு பாட்டை மேசை விளக்கின் கீழ் பிரித்துக் காட்டினார். சுற்றிலும் இருந்த பிளாஸ்டிக் கொக்கிகளைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பினார். அவசரப்பட்டால் கொக்கி ஒடிந்துவிடும், பிறகு டப்பாவே வீண். உள்ளே இருந்த டயாப்ரம் இட்லித்தட்டின் குழி மாதிரி குவிந்திருந்தது. விளிம்பை ஒட்டி ஒரு மடிப்பு. அந்த மடிப்பை விரலால் விரித்தபோதுதான் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. கம்பி போய்வரும் ஒவ்வொரு முறையும் வளைவது அந்த இடம்தான். டாஷ்போர்டுக்குள் அடைபடும் வெயில் சூடும் சேர, முதலில் தளர்வதும் அதுதான்.

சிலர் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்துவிடுகிறார்கள். பம்பில் மாட்டினால் முள் நிற்கும், பார்ட்டியும் சந்தோஷமாகப் போவார். ஆனால் தட்டையான ரப்பருக்கு மடிப்பு கிடையாது. கம்பி முழு தூரம் நகராது, தகடு பாதியில் நிற்கும். பசை போட்டு ஒட்டுவதும் அப்படித்தான். வளைகிற இடத்தில் பசை எத்தனை நாள் தாங்கும்? அச்சில் வார்த்த, மடிப்புள்ள டயாப்ரம் கிடைத்தால் மட்டுமே பாட்டைப் பிரிக்க வேண்டும் என்பது அண்ணனின் உறுதியான கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அப்படியென்றால் புதிய பாட்டே வாங்கிவிடலாமே என்று கேட்டேன்.

"வாங்கலாம் சார். ஆனா டப்பா பிரிக்காததுங்கிறதால புதுசு ஆயிடாது. உள்ள இருக்கிற ரப்பரு எத்தன வருஷமா அலமாரியில கெடக்குதோ!"

இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஓடாத வண்டியிலும், பிரிக்காத பெட்டியிலும் ரப்பருக்கு வயதாகிறது. சமீபத்தில் தயாரான பாட் என்று உறுதியாகத் தெரிந்தால் மாற்றுவதே நல்லது. டப்பாவில் விரிசல் இருந்தாலோ குழாய் மாட்டும் முனை ஒடிந்திருந்தாலோ வேறு வழியே இல்லை. மற்றபடி நல்ல டயாப்ரம் போட்டுச் சேர்த்த பழைய பாட், வயதான புதிய பாட்டைவிட மேல். அதைவிட முக்கியம், செலவின் பெரும்பகுதி பாட்டில் இல்லை, அதை அடைவதில் இருக்கிறது. மீட்டர், நடுக் கன்சோல், டாஷ்போர்டு என்று எல்லாம் வெளியே வந்தபின் கெட்ட ஒன்றை மட்டும் மாற்றி மூடுவது உரிமையாளருக்குச் செய்யும் கெடுதல். மற்ற பாட்டுகளுக்கும் அதே வயதுதானே? பம்பில் முள் நின்றாலும், கைக்கு எட்டாத இடத்தில் இருப்பவை எல்லாவற்றுக்கும் டயாப்ரம் மாற்றிவிடுகிறார் அண்ணன். கிளவ் பாக்ஸ் வழியாகக் கை எட்டுகிறவற்றை மட்டும் விட்டுவைக்கிறார்.

டீசல் வண்டியானால் இன்னொரு வேலையும் உண்டு. குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறார். வாக்குவம் பம்ப் பழுதானால் அதன் எண்ணெய் குழாய் வழியாக ஏறி ரப்பரைக் கெடுத்துவிடும். பம்பைக் கவனிக்காமல் பாட்டை மட்டும் சரிசெய்தால் அதே வண்டி மறுபடி பட்டறைக்கு வரும்.

டயாப்ரம் இப்போது வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. தாமதமாகிறது, விலையும் அதிகம். அம்பத்தூரிலேயே ரப்பர் வார்க்கும் யூனிட்களில் விசாரித்திருக்கிறார். அச்சு செய்யும் செலவுக்கு ஈடாக ஆயிரக்கணக்கில் ஆர்டர் வேண்டும் என்கிறார்கள். அவர் ஒருவருக்கு அவ்வளவு வேலை வராது. கோவை, பெங்களூரு, கொச்சிப் பட்டறைகள் சேர்ந்தால் முடியும் என்கிறார். அளவெடுத்து வரைந்த தாளும் மாதிரிக்கு ஒரு நல்ல டயாப்ரமும் அவரிடம் தயாராக இருக்கின்றன. பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் போதும்.